சுயம்பு அண்ணாச்சி பம்பாய் போகவில்லை

சுயம்புலிங்கம் அண்ணாச்சி எனக்குச் சகலை. நான் கட்டியது தங்கபாயை. அவர் கட்டியது அவளுடைய அக்கா செல்லக்கனியை. அவருக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம். தறிக்காரர்களிடம் துணி வாங்கி, வெளுத்து, சுருட்டி, பாக்கெட் போட்டு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவார். நல்ல உழைப்பாளி. பீடி, சிகரெட் கிடையாது. பெண்டாட்டி பிள்ளை மேல் உயிர். இவ்வளவும் சொன்ன பிறகு ஆள் எப்படி என்று யாராவது கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: சந்தேகப் பேர்வழி.

அவருடைய ஆட்கள் அவர் கண் முன்னாலேயே சுருட்டி, அவர் கண் முன்னாலேயே சீட்டு ஒட்டிய பேண்டேஜைப் பிரித்து அளந்து பார்ப்பார். டீக்கடையில் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். வீட்டைப் பூட்டினால் பூட்டைப் பிடித்துத் தொங்குவார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தவர் திரும்பிப் போய் இன்னொரு தடவை தொங்கிவிட்டு வருவார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்குப் பட்டப்பகலிலேயே தெரியும்.

பாவம், முன்னே எவனோ ஏமாற்றியிருப்பான் என்று சிலர் பரிதாபப்படுவார்கள். ஒருத்தனும் ஏமாற்றவில்லை. ஏமாற்ற விட்டால்தானே? அது பிறவிக் குணம்.

ராஜபாளையத்தில் பேங்குக்கா பஞ்சம்? இவர் கணக்கு வைத்திருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். எண்பத்து நாலிலோ ஐந்திலோ ஆரம்பித்தார். "உள்ளூர் பேங்க்ல போட்டா நம்ம பணம் எம்புட்டு இருக்குன்னு சாயங்காலமே டீக்கடையில பேச்சு வந்துரும்லே" என்பார். டவுன் பஸ் பிடித்து வந்து, பேங்க் வேலையை முடித்துக்கொண்டு, என்னுடைய சைக்கிள் கடையில் செத்த நேரம் உட்காருவார். உட்கார்ந்தபடியே, நான் ஒட்டிக்கொண்டிருக்கும் டியூபில் பழைய ஒட்டு எத்தனை என்று எட்டிப் பார்ப்பார். எனக்குக் கோபம் வரும். சகலையாயிற்றே, என்ன செய்வது.

தொண்ணூற்று எட்டில் அந்த பேங்கில் ஏ.டி.எம். கார்டு என்று ஒன்று கொடுத்தார்கள். கணக்கில் செல்லக்கனியின் பெயரும் இருந்தாலும் கார்டு இவர் பெயருக்குத்தான். மதுரை, மெட்ராஸ், பம்பாய் மாதிரி ஊர்களில் மிஷின் வைத்திருக்கிறோம், போகிற இடத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் சங்கரலிங்கம் விளக்கினார். அண்ணாச்சி நேராக என் கடைக்கு வந்தார். ரகசிய நம்பர் இருந்த கவரை வெயிலில் தூக்கிப் பிடித்தார். யாராவது பிரித்து ஒட்டியிருக்கிறார்களா என்று விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"சும்மா கொடுக்கான்னா அதுல என்னமோ இருக்குலே."

நம்பரை மனப்பாடம் செய்துகொண்டு, அந்தத் தாளை என் கடை வாசலிலேயே கொளுத்திச் சாம்பலைக் காலால் தேய்த்தார். அப்புறம் அந்தக் கார்டு ஒரு வருஷத்துக்கு மேல் அவர் வீட்டுப் பீரோவில் தூங்கியது.

அவருக்கு ஒரே மகள், ஜெயபாய். பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவளுக்கு வரன் கொண்டுவந்தவன் நான். வ. புதுப்பட்டி ஐயாதுரை எனக்கு மச்சான் முறை. தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும் உள்ள சம்சாரி. அவர் மகன் வைகுண்டராஜ் பம்பாயில், தாராவியில் பெரியப்பா மகனோடு சேர்ந்து மளிகைக் கடை நடத்திக்கொண்டிருந்தான். போட்டோ கைமாறியது. ஜெயபாய்க்குப் பையனைப் பிடித்துப் போயிற்று. போட்டோவைத் திருப்பிக் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டாள் என்று தங்கபாய் வந்து சிரித்தாள். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் என்று பேசி முடித்தோம். பையன் கல்யாணத்துக்குத்தான் ஊருக்கு வருவான். நிச்சயத்துக்குப் பெரியவர்கள் வந்தால் போதும்.

எல்லாம் கூடி வந்தபோது அண்ணாச்சிக்குத் தூக்கம் போய்விட்டது.

"பம்பாய்ல இருக்கவன் என்ன பண்ணுதான், ஏது பண்ணுதான்னு யாருலே கண்டா?"

"நான்தான் விசாரிச்சுச் சொல்லிட்டேனே அண்ணாச்சி."

"நீ யாருகிட்ட விசாரிச்ச? அவன் அப்பன்கிட்ட. எந்த அப்பனாவது தம் மவனைக் குடிகாரன்னு சொல்லுவானா?"

நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று அவர் முடிவு செய்ததை யாரிடமும் சொல்லவில்லை. பெண்டாட்டியிடமும்தான். அவர் போட்ட கணக்கு இது: செல்லக்கனியிடம் சொன்னால் அவள் தங்கபாயிடம் சொல்வாள், தங்கபாய் என்னிடம் சொல்வாள், நான் ஐயாதுரையிடம் சொல்வேன், ஐயாதுரை மகனுக்குப் போன் போடுவார், பையன் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்துவிடுவான். கணக்கில் தப்பில்லை. நான் சொல்லத்தான் செய்திருப்பேன். சம்பந்தம் பேசியவன் நான். எனக்குத் தெரியாமல் வேவு பார்க்கப் போவது மட்டும் யோக்கியமான காரியமா?

புறப்படுகிற ஆளை 'எங்கே போகிறீர்கள்' என்று கேட்பது எங்கள் பக்கத்தில் ஆகாது. போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். செல்லக்கனி மதினி இருபத்து மூன்று வருஷ தாம்பத்தியத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. அவராகவே சொன்னார்: "ஈரோட்ல கூட்டாளி மவளுக்குக் கல்யாணம். அப்படியே துணி யாவாரிகளையும் பார்த்துட்டு வர ஒரு வாரம் ஆவும். ஊர்ல யார் கேட்டாலும் ஈரோடுன்னு சொல்லு." அவளும் தலையை ஆட்டினாள். கல்யாண வீட்டுக்குப் போகிறவருக்கு நல்ல வேட்டியாக எடுத்து வைத்தாள்.

அதற்கப்புறம் பம்பாயில் நடந்ததை அண்ணாச்சி சொல்லியும் மாப்பிள்ளை சொல்லியும் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு பேரும் சொன்னது ஒன்றுக்கொன்று பொருந்தியதால் நம்பினேன்.

ரயிலில் மயக்க பிஸ்கட் கொடுத்துப் பணத்தை அடிப்பார்கள் என்று பயந்து, அண்ணாச்சி போகிற செலவுக்கு மட்டும் பணம் வைத்துக்கொண்டார். மற்றதற்கெல்லாம் அந்தக் கார்டு. பம்பாயில் ஒரு லாட்ஜில் பையை வைத்துவிட்டு மிஷினைத் தேடிப் போனார். முதல் மிஷினில் நூறு ரூபாய் எடுத்தார். அந்த நூறு கணக்கில் சரியாகக் கழிந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டாவது மிஷினுக்குப் போய் அங்கேயும் நூறு எடுத்தார். இரண்டாவது மிஷின் சொன்னதை நம்பலாமா என்று பார்க்க மூன்றாவது. போன இடத்திலெல்லாம் தலையில் துண்டைப் போர்த்தி, மிஷினையும் சேர்த்து மூடிக்கொண்டு, ஜலதோஷத்துக்கு வேது பிடிப்பவர் மாதிரி நின்று நம்பரை அழுத்தினார். வாசலில் நின்ற காவல்காரன் உள்ளே எட்டிப் பார்த்ததும், "என்னத்தலே பாக்க?" என்று தமிழில் ஒரு அதட்டல். பார்க்கிறவன் என்ன நினைப்பான்? அவன் போய் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லியிருக்கிறான்.

இது தெரியாமல் அண்ணாச்சி தாராவிக்குப் போய் மாப்பிள்ளையின் கடைக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். பிறகு கடைக்கே போனார். தன் பெயர் பால்ச்சாமி, சாத்தூர்ப் பக்கம், ஆர்டர் பிடிக்க வந்த இடம் என்று சொல்லி ஒரு சோப்பு வாங்கினார். பையன் மீதிச் சில்லறையைச் சரியாகக் கொடுத்தான். வேண்டுமென்றே கையிலிருந்த துணிப்பையைக் கடையில் விட்டுவிட்டு நடந்தார். பையன் பின்னாலேயே ஓடி வந்து கொடுத்தான். அவன் எதிரிலேயே பையைத் திறந்து பார்த்தார். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. இவ்வளவு நல்லவனாக இருக்கிறானே, ஏன் என்று அதற்கும் ஒரு சந்தேகம்.

ராஜபாளையத்தில் அன்று செல்லக்கனி மதினிக்கு பேங்கிலிருந்து போன் வந்தது. மேனேஜர் சங்கரலிங்கம்தான் பேசினார்.

"அம்மா, சார் இப்போ எங்க இருக்காங்க?"

"அவிய ஈரோட்டுக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்காவ."

"நல்லாத் தெரியுமா? பம்பாய் போகலையே?"

"பம்பாயா? அவிய எதுக்கு அங்க போறாவ?"

அவர்களுடைய கார்டை வைத்துப் பம்பாயில் ஒரு ஆள் மிஷின் மிஷினாகப் போய்ப் பணம் எடுக்கிறான், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நிற்கிறானாம் என்று மேனேஜர் சொன்னதும் மதினி போனை வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். பீரோவைத் திறந்து பார்த்தாள். கார்டு இல்லை. எனக்குப் போன் போட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் ஓடி வந்தாள். இரண்டு பேருமாக பேங்குக்குப் போனோம். ஈரோட்டில் அவரைக் கூப்பிட நம்பர் இருக்கிறதா என்று மேனேஜர் கேட்டார். "நம்பரெல்லாம் அவிய கொடுக்க மாட்டாவ" என்றாள். அது உண்மைதான்.

"ஈரோட்டுக்குப் போற வழியில எவனோ அடிச்சிருக்கான் மதினி. அவிய நம்பரை முணுமுணுத்துப் பாத்ததையும் கேட்டிருப்பான். யோசிக்காதிய. உடனே நிறுத்தச் சொல்லுங்க" என்றேன்.

கணக்கில் அவள் பெயரும் இருந்ததால் அவள் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார் மேனேஜர். நான் எழுதினேன், அவள் கையெழுத்துப் போட்டாள். வெளியே வரும்போது, "நல்லவேளை, அவிய வேர்வை சிந்திச் சேத்த பணம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான்தான் புத்திசாலித்தனமாக இன்னொன்றும் சொல்லி வைத்தேன்: "களவாணிப் பய சும்மா இருக்க மாட்டான். உங்க வீட்டுக்கே போன் போட்டு, நாந்தான் உன் புருசன்னு பேசினாலும் பேசுவான். சூதானமா இருங்க."

மறுநாள் பம்பாயில் மிஷின் அண்ணாச்சியின் கார்டை விழுங்கிவிட்டது. கண்ணாடியைத் தட்டினார், காவல்காரன் வெளியே தள்ளினான். எஸ்.டி.டி. பூத்திலிருந்து மேனேஜருக்குப் போன் போட்டார்.

"நான் சுயம்புலிங்கம் பேசுதேன். என் கார்டை மிஷின் புடுங்கி வச்சிருக்கு."

மேனேஜர் நிதானமாக, "சரி சார். வீட்டில எந்த ஊருக்குப் போறதா சொல்லிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். ஈரோடு என்று சொல்லியிருந்தால் அங்கேயே காரியம் முடிந்திருக்கும். அண்ணாச்சி சொல்வாரா?

"அதை எதுக்குவே நீரு கேக்கீரு? மொதல்ல நீரு மேனேஜர்தான்னு நான் எப்படி நம்புறது?"

மேனேஜர் போனை வைத்துவிட்டார். நானாக இருந்தாலும் வைத்திருப்பேன்.

லாட்ஜ் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அந்த முந்நூறு ரூபாய் கரைந்து போயிருந்தது. ஊருக்குத் திரும்ப வழியில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடு வந்து சேராவிட்டால் நிச்சயதார்த்தம் நின்றுவிடும். பெண்ணைப் பெற்றவன் இல்லாமல் யார் தட்டு மாற்றுவார்கள்? வேறு வழியின்றி வீட்டுக்குப் போன் போட்டார். பூத்தில் நாலைந்து தமிழ் ஆட்கள் நின்றார்கள். அவர்கள் காதில் விழக் கூடாதென்று ரிசீவரைத் துண்டால் மூடிக்கொண்டு, குசுகுசுவென்று பேசினார்.

நானும் தங்கபாயும் அப்போது அவர் வீட்டில்தான் இருந்தோம். ஆம்பளை இல்லாத வீட்டுக்குத் துணை. மதினி போனை எடுத்தாள். எதிரே கம்மிப்போன குரலில் எவனோ, "செல்லக்கனி, நாந்தான்... பேங்குக்குப் போயி கார்டைத் தெறந்து விடச் சொல்லு..." என்றான். வேறென்ன வேண்டும்?

"ஏலே களவாணிப் பயலே! யாரு பேரைச் சொல்லிட்டு யாரு வீட்டுக்குப் பேசுதே? நீ வெளங்குவியா? ஒனக்குச் சோறு கெடைக்குமா?"

இன்னும் நாலு சொன்னாள். அதை எழுத முடியாது. ரிசீவரை வைத்தபோது முகம் சிவந்திருந்தது. "பாத்தியளா, நான் சொல்லல?" என்று நான் மார் தட்டினேன். அன்று மத்தியானம் வீட்டில் மீன் குழம்பு. களவாணியை விரட்டிய சந்தோஷத்தில் எல்லாரும் இரண்டு கை கூடுதலாகச் சாப்பிட்டோம்.

அண்ணாச்சி அன்று பகல் முழுக்கப் பட்டினி. இரவும் பட்டினி. தண்ணீரைக் குடித்துவிட்டு, லாட்ஜ்காரன் பாக்கிக்காகப் பையைப் பிடித்து வைத்துக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டதால் ஸ்டேஷனில் படுத்திருக்கிறார். காலையில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு மாப்பிள்ளையின் கடைக்குப் போனார். அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான்.

"தம்பி, நான் பால்ச்சாமி இல்ல. ஜெயபாயோட அப்பா. சுயம்புலிங்கம்."

வைகுண்டராஜ் அவரை மேலும் கீழும் பார்த்தான். முந்தாநாள் ஒரு பெயர், இன்று ஒரு பெயர். அதுவும் வருங்கால மாமனார் பெயர். எந்தப் புத்தியுள்ளவன் நம்புவான்? ஆனாலும் வாய்விட்டு ஒன்றும் சொல்லாமல், அவரைப் பக்கத்து மெஸ்ஸில் உட்கார வைத்துவிட்டு, தனியாகப் போய் என் கடைக்குப் போன் போட்டான். எதிரில் வைத்துக் கேட்டால் ஆள் உஷாராகிவிடுவான் என்பது அவன் நினைப்பு.

"மாமா, பொண்ணு வீட்டு மாமா எங்க இருக்காக?"

"ஈரோட்ல. ஏன் மாப்ள?"

"இங்க ஒருத்தர் அவுக பேரைச் சொல்லிட்டு வந்து உக்காந்திருக்காரு."

எனக்கு ரத்தம் கொதித்தது. கார்டைத் திருடினான், பணத்தை எடுத்தான், வீட்டுக்குப் போன் போட்டான், இப்போது மாப்பிள்ளை வரைக்கும் போய்விட்டானே! "மாப்ள, அவன் பெரிய களவாணிப் பய. பேங்க்ல அவனைத்தான் தேடுதாங்க. விட்டுறாத, போலீஸ்ல புடிச்சுக் குடு" என்று கத்தினேன். இன்றைக்கும் இதைச் சொல்லித் தங்கபாய் என்னைக் குத்திக் காட்டுவாள். என் மேல் என்ன தப்பு? எனக்குத் தெரிந்ததைத்தானே சொன்னேன்.

வைகுண்டராஜ் மெஸ்ஸுக்குத் திரும்பியபோது அண்ணாச்சி எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காசில்லாததால் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பையன் சாப்பாடு சொன்னான். அவர் அள்ளி அள்ளிச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு லாட்ஜ் பாக்கியைக் கட்டிப் பையை மீட்டு, ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் டிக்கெட் எடுத்து, வழிச்செலவுக்கும் கையில் வைத்தான்.

"நீங்க யாரா வேணா இருங்க. ஊருக்குப் போயி இந்தத் தொழிலை விட்டுருங்க அண்ணாச்சி" என்றானாம்.

அண்ணாச்சி சனிக்கிழமை சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தார். செல்லக்கனி மதினி வாசலிலேயே, கார்டு திருட்டுப் போனதையும் தான் போய் நிறுத்தியதையும் போனில் திருடனை வைததையும் மூச்சு விடாமல் சொன்னாள். பாராட்டுவார் என்று பார்த்தாள். "நல்ல வேலை செஞ்ச" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். கல்யாணச் சாப்பாடு எப்படி என்று கேட்டதற்கு, பரவாயில்லை என்றார்.

ஞாயிறு காலையில் என்னைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "சோலைச்சாமி, இந்தச் சம்பந்தம் வேண்டாம்லே. மனசுக்கு என்னமோ சந்தேகமா இருக்கு."

"பந்திக்குச் சமைச்சாச்சு, ஆளு வந்துக்கிட்டு இருக்கு. என்னய்யா சந்தேகம்? பையன் குடிக்கானா? கூத்தியா வச்சிருக்கானா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சொல்ல முடியாது. நீயே ஏதாவது சொல்லி நிறுத்திரு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் சகலை என்றும் பார்க்காமல் திட்டினேன். அவர் பயம் எனக்கு அப்போது புரியவில்லை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வருவான். மாமனார் முகத்தைப் பார்த்த நிமிஷத்தில், தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்த களவாணி அல்லவா இது என்று கண்டுகொள்வான். அந்த அவமானத்துக்குப் பயந்து, சொக்கத் தங்கம் என்று தானே சோதித்துப் பார்த்த பையனை மகளுக்கு இல்லாமல் ஆக்கப் பார்த்தார்.

வ. புதுப்பட்டிக்காரர்கள் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். காப்பி குடித்துக்கொண்டே ஐயாதுரை மச்சான் பேச்சை ஆரம்பித்தார்.

"சம்பந்தி, நீங்க கொஞ்சம் கவனமா இருக்கணும். பம்பாய்ல ஒருத்தன் உம்ம பேரைச் சொல்லி எம் மவன்கிட்ட வந்திருக்கான்."

நான் கார்டு கதையை எடுத்து விட்டேன். கூடம் முழுக்க அந்தக் களவாணியைப் பிடித்துக்கொண்டது. கட்டையில போறவன் என்றாள் ஒருத்தி. கையை ஒடிக்கணும் என்றார் ஒருவர். "எனக்கே போன் போட்டான்லா, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்" என்று மதினி பெருமையாகச் சொன்னாள்.

"எல்லாஞ் சரிதான்" என்றார் ஐயாதுரை. "ஆனா எம் மவன் கிறுக்கன். களவாணின்னு தெரிஞ்சும் சோறு வாங்கிக் கொடுத்து, டிக்கெட் எடுத்து அனுப்பியிருக்கான். ஏம்லேன்னு கேட்டா, பசிச்சவன்கிட்ட என்னத்தப்பா விசாரிக்கன்னு கேக்கான்."

உள்ளறைக் கதவோரம் பட்டுச்சேலையில் நின்ற ஜெயபாய் இதைக் கேட்டுத் தலையைக் குனிந்து சிரித்தாள். அவளுடைய அப்பா அதைப் பார்த்தார். வாயைத் திறந்தார். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் போகிறார் என்று நான் நினைத்தேன்.

"அந்தக் களவாணி நாந்தான்" என்றார்.

ஐயாதுரை சிரித்தார். "என்ன சம்பந்தி, எவன் பாவத்தையோ நீங்க எதுக்குச் சொமக்கிய?"

"இல்ல அண்ணாச்சி. பையனை வேவு பாக்கப் போனேன். பொய்ப் பேரு சொன்னேன். எனக்குச் சோறு போட்டது உங்க மவன்."

"நீங்க ஈரோட்ல இருந்ததா எல்லாரும் சொல்லுதாவளே!" ஐயாதுரை என்னைப் பார்த்தார். நான் செல்லக்கனி மதினியைப் பார்த்தேன். எல்லாருமே அவளைத்தான் பார்த்தார்கள். அவள் புருசன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்கிட்ட ஈரோடுன்னுதான் சொல்லிட்டுப் போனாவ" என்றாள் மதினி. "எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான்."

ஐயாதுரை எழுந்து நடந்தார். போய்விடுவாரோ என்று நானும் பின்னாலேயே எழுந்தேன். அவர் வாசல் வரை போய், வெற்றிலையைத் துப்பிவிட்டுத் திரும்பி வந்தார். "மவளைப் பெத்தவன் பயந்து வேவு பாத்தான், அது எனக்குப் புரியுது. கட்டுனவகிட்டயுமா பொய்? இனிமே இவரு சொல்லை வச்சு நான் எதையும் செய்ய முடியாது. தங்கச்சி, நீ சொல்லு. தட்டை மாத்தவா, எடுத்துட்டுப் போவவா?"

அவள் மகளை ஒரு தடவை பார்த்தாள். "மாத்துங்க அண்ணே. பசிச்சவனுக்குச் சோறு போட்ட பிள்ளை, எம் மவளை வச்சுக் காப்பாத்தும்" என்று சொல்லி, தாம்பாளத்தைத் தானே எடுத்து நீட்டினாள். எங்கள் பக்கத்தில் ஆண்கள்தான் தட்டு மாற்றுவார்கள். அன்றைக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

சாயங்காலம் வேன் புறப்பட்டுப் போனது. மதினி பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து புருசனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணாச்சி அடுப்படி வாசலில் வந்து நின்றார். திட்டியிருந்தாலாவது தேவலை என்று அவருக்கு இருந்திருக்கும்.

"ஒரு பகலும் ஒரு ராவும் பட்டினியாக் கெடந்தேன் செல்லக்கனி. அதைக்கூட கேக்க மாட்டேங்கியே."

அவள் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்குத்தான் வீட்ல மீன் கொழம்பு. நீங்க கல்யாண வீட்ல பந்தியில உக்காந்திருப்பியன்னு நெனச்சு, நான் ரெண்டு தரம் போட்டுத் தின்னேன். எம் புருசன் பசியோட கெடக்காவன்னு தெரிஞ்சிருந்தா எனக்கு ஒரு வாய் எறங்கியிருக்குமா? ஊர்க்காரனுக்குச் சொன்ன பொய்யையே எனக்கும் சொல்லி, என்னைக் கவலைப்படக்கூட விடாம பண்ணிட்டியளே."